மாற்று நிலம் என்னும் மயக்கம்

2024 ஜனவரி மாத இறுதியில் மும்பையில் ஒரு வாக்கெடுப்பு நடைபெற்றது. மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலை இரண்டாகப் பிரித்து, 120 ஏக்கரைப் பொதுப் பூங்காவுக்கு விட்டுக்கொடுத்து, எஞ்சிய 91 ஏக்கரைப் புதிய குத்தகையில் பெற்றுக்கொள்ளலாமா என்பதே கேள்வி. வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினர் 'ஆம்' என்றனர். வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் பந்தயக் குழுமத்தின் உறுப்பினர்கள். இரண்டாயிரம் பேருக்கும் குறைவானவர்கள். நிலமோ மகாராஷ்டிர மாநில அரசுக்கும் மும்பை மாநகராட்சிக்கும் உரியது. அதாவது மக்களுக்கு உரியது. 2011 கணக்கெடுப்பின்படி 1 கோடியே 24 லட்சம் பேர் வாழும் அந்த மாநகரில், நிலத்தின் உடைமையாளர்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை. குத்தகைதாரரிடம் கேட்கப்பட்டது.

மக்கள் சார்பில் இக்கேள்வியை விவாதித்திருக்க வேண்டிய அவை எங்கே இருந்தது? எங்கும் இல்லை. மும்பை மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் மாதத்தில் முடிந்துவிட்டது. வட்ட மறுவரையறை என்றும் இட ஒதுக்கீட்டு வழக்கு என்றும் காரணங்கள் அடுக்கப்பட்டுத் தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கண்டிப்புடன் உத்தரவிட்ட பின்னரே, 2026 ஜனவரியில் தேர்தல் நடந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், 227 உறுப்பினர்கள் அமர வேண்டிய அவையின் அதிகாரம் முழுவதையும் மாநில அரசு நியமித்த ஒரே ஓர் அலுவலர் செலுத்திவந்தார். அக்காலத்தின் இறுதி ஆண்டில் மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் 74,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தப் பணத்தைப் பற்றியும் இந்த நிலத்தைப் பற்றியும் கேள்வி கேட்க, தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்கூட அவையில் இல்லை.

இப்போது மாமன்றம் வந்திருக்கிறது. பூங்கா நிலப் பரிமாற்றம் போன்ற தீர்மானங்கள் இனி அதன் முன் வரும். இது மும்பைக்கு மட்டும் உரிய நிலைமையும் அன்று. நாட்டின் எந்த நகரிலும் நாளை மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்படி ஒரு வரி இடம்பெறலாம்: 'இன்ன இடத்திலுள்ள பூங்கா நிலத்தை இன்ன நிறுவனத்துக்கு அளித்து, ஈடாக இன்ன இடத்தில் மாற்று நிலம் பெறுதல்.' பார்வைக்கு நட்டமில்லாத கணக்கு. அந்த ஒரு வரியில் மறைந்திருப்பது என்ன என்பதை இடதுசாரிகள் ஊன்றிப் பார்க்க வேண்டியுள்ளது.

தன் நிலமே தனக்கு ஈடு

பரிமாற்றம் என்றால் இரு தரப்பிலும் இரண்டு உடைமைகள் இருக்க வேண்டும். மகாலட்சுமியில் அப்படியில்லை. 1883இல் அமைக்கப்பட்ட அத்திடலின் குத்தகை 2013இல் முடிவுற்றது. அதன்பின் பந்தயக் குழுமம் அங்கே இருந்தது அரசின் தாராளத்தால்தான். குடக்கூலி ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீட்டைக் காலி செய்யாத ஒருவர், முன்கூடத்தை வீட்டுக்காரருக்கு 'விட்டுத் தந்து', உள்ளறைகளுக்கு முப்பது ஆண்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் அதற்குப் பரிமாற்றம் என்று யாரும் பெயர் சூட்ட மாட்டார்கள். இங்கே நடந்தது அதுவே. மக்கள் தங்கள் நிலத்தின் ஒரு பகுதியைத் தங்கள் நிலத்தின் இன்னொரு பகுதிக்கு ஈடாகப் பெற்றிருக்கிறார்கள். மாநில அமைச்சரவையும் 2024இல் இதற்கு இசைவளித்தது.

இதே 2024இல் சென்னையில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். கிண்டிப் பந்தயத் திடலின் 160 ஏக்கர் 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை முடிய இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தபோதே, வாடகை நிலுவையைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு குத்தகையை நீக்கியது. நிலத்தைக் கையகத்தே கொண்டு, பெரும்பகுதியைப் பூங்காவுக்கென அறிவித்தது. வழக்குகள் தொடர்ந்தன என்பது வேறு. காலம் முடியாத குத்தகையையே ஓர் அரசு நீக்க முனைய முடியுமானால், காலம் முடிந்து பத்தாண்டுகள் கழிந்த குத்தகையை இன்னோர் அரசு புதுப்பித்துத் தந்ததற்குச் சட்டத்தின் தடை காரணமாக இருக்க முடியாது. வர்க்கச் சார்பே காரணம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 120 ஏக்கர் பூங்கா சிறிய செய்தி அன்று. நகர வளர்ச்சித் திட்டங்களுக்கான மத்திய வழிகாட்டு நெறிகள் (2014) ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. மும்பையில் ஒருவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றேகால் சதுர மீட்டர் என்பதே பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. ஒருவர் கைகளை விரித்துச் சுழன்றால் அடுத்தவர் மீது இடிக்கும் இடம் அது. கடற்கரைச் சாலைக்காகக் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தையும் சேர்த்து ஏறத்தாழ 300 ஏக்கரில் பெரும் பூங்கா என்னும் அறிவிப்பு, மூச்சுவிட இடமில்லாத மக்களுக்கு இனிப்பாகவே ஒலிக்கும். அந்த ஆசை நியாயமானது. அதை ஏளனம் செய்வது இடதுசாரிகளின் வேலையன்று. 211 ஏக்கரும் தமக்குரியது என்னும்போது 120 ஏக்கரைப் பெற்றதற்கு மக்கள் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்பதே அவர்கள் வேலை.

இன்னொரு கேள்வியும் உண்டு. அப்பூங்காவின் அடியில் விளையாட்டு வளாகமும் வாகன நிறுத்தமும் அமைப்பது பற்றித் திட்டமிட்டோர் பேசினர். மேலே புல், கீழே கட்டடம் என்னும் இவ்வேற்பாடு புதியதன்று. அதன் கதை ஏற்கெனவே ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரை சென்று முடிந்திருக்கிறது. அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திப்பது பயன் தரும்.

மன்றம் என்னும் சொல்

நகராட்சி அவையைத் தமிழில் மன்றம் என்கிறோம். மாநகராட்சி அவையை மாமன்றம் என்கிறோம். சங்க காலத்தில் மன்றம் என்பது ஊர் நடுவே, பெருமரத்தின் நிழலில், எல்லோரும் கூடும் பொதுவெளியைக் குறித்தது. இடத்தின் பெயர் பின்னர் அங்கே கூடிய அவைக்கு ஆகிவந்தது. முதலில் திறந்தவெளி, பிறகே அவை. பொதுவெளியின் பெயரைத் தாங்கி நிற்கும் ஓர் அவை பொதுவெளியையே விலைபேசுவது, பெற்றவளை விற்பதற்கு ஒப்பாகும்.

சொல்லின் வரலாறு இங்கே வெறும் அலங்காரம் அன்று. ஊர்ப்பொது நிலம் யாருடையது என்னும் கேள்விக்குப் பழைய சமூகம் வைத்திருந்த விடை அதில் இருக்கிறது. குடியேற்ற ஆட்சியின் வருவாய்த் துறை, வரி விளையாத நிலத்தையெல்லாம் புறம்போக்கு என்று ஒதுக்கியது. பொதுவுக்குரியது என்ற பொருள் மங்கி, எவருக்கும் உரியதல்லாதது, எனவே எவரும் எடுத்துக்கொள்ளத்தக்கது என்ற பொருள் ஏறியது. இன்று ஆளைத் திட்டுவதற்கு அச்சொல் பயன்படுவதை எண்ணிப் பார்க்கலாம். பூங்காவைச் 'சும்மா கிடக்கும் இடம்' என்று நகராட்சி அலுவலகக் குறிப்பு வர்ணிக்கும்போது, பேசுவது அந்தப் பழைய வருவாய்த் துறைதான்.

இந்திய நீதிமன்றங்கள் எல்லா நேரங்களிலும் மக்கள் பக்கம் நின்றதில்லை. ஆயினும் பூங்கா நிலத்தைப் பொறுத்தவரை அவை வகுத்த சில நெறிகள் தெளிவானவை. பெங்களூரு ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை, முதலமைச்சரின் விருப்பத்தின் பேரில், தனியார் அறக்கட்டளை ஒன்றின் மருத்துவமனைக்கு வளர்ச்சி ஆணையம் ஒதுக்கிக் கொடுத்தது. அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனையும் பொதுநலம்தானே என்று வாதிடப்பட்டது. 1991இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. முற்காலத்தில் அரசர்களுக்கும் செல்வர்களுக்கும் மட்டுமே வாய்த்த சோலைகள் இன்று மக்கள் தமக்குத் தாமே அளித்துக்கொண்ட கொடையாக விளங்குகின்றன என்னும் கருத்தை அத்தீர்ப்பு வெளியிட்டது. பூங்காவைத் தனியார் மருத்துவமனையாக மாற்றும் விருப்புரிமை முதலமைச்சருக்கும் இல்லை என்று முடிவு கூறியது.

1995இல் அரியானா மாநிலம் தானேசர் நகராட்சி தொடர்பான வழக்கு. திறந்தவெளிக்கென ஒதுக்கிய நிலம் சத்திரம் கட்டுவதற்காக ஒரு சபைக்கு அளிக்கப்பட்டிருந்தது. தூய்மையான சூழலில் வாழும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாததாக்கியது.

லக்னோ வழக்கு இவற்றினும் முக்கியமானது. அமினாபாத் கடைவீதியின் நெரிசலுக்கு நடுவே அமைந்தது ஜண்டேவாலா பூங்கா. விடுதலைப் போராட்டத்தோடு பிணைந்த இடம். கொடியின் பெயரே அதற்குப் பெயரானது. 1993இல் மாநகராட்சி, பூங்காவின் அடியில் கடைவளாகம் கட்டும் உரிமையை, ஒப்பந்தப்புள்ளியே கோராமல், ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு அளித்தது. பூங்கா எங்கும் போய்விடாது, மேலே புல்வெளி மீண்டும் வந்துவிடும், நெரிசலும் குறையும் என்பது மாநகராட்சி சொன்ன சமாதானம். 1999இல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கி, கட்டியதை இடித்துப் பூங்காவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆணையிட்டது. பணம் கொட்டிக் கட்டியாகிவிட்டது என்னும் மன்றாட்டு எடுபடவில்லை. மாநகராட்சி பூங்காவின் அறங்காவலர் மட்டுமே. காவல் பொறுப்பை ஒப்பந்தம் போட்டுக் கைமாற்றிவிட அதற்கு உரிமையில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கோயில் நகைக்குத் தர்மகர்த்தா உரிமையாளர் ஆகாததைப் போல, பூங்காவுக்கு மாமன்றமும் உரிமையாளர் ஆகாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் பெரும்பான்மை, இனி வரப்போகும் தலைமுறைகளின் உடைமையை ஒரு பிற்பகல் கூட்டத்தில் கைதூக்கிக் கொடுத்துவிட முடியாது. மாற்று நிலம் பற்றிய எந்த விவாதமும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு எங்கே போனது?

ஈடு என்பது காகிதத்தில் எப்படித் தொடங்கி மண்ணில் எப்படி முடிகிறது என்பதை அறிய, பந்தயத் திடலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஆலைப் பகுதிகளைப் பார்த்தால் போதும். பரேல், லால்பாக், வோர்லி. ஒருகாலத்தில் ஆலைச் சங்கு ஒலிக்கு விழித்தெழுந்த 'கிரண்காவ்', ஆலை ஊர். 58 பஞ்சாலைகளின் நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர். 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றனர். அப்போராட்டம் நசுக்கப்பட்ட பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நூலைவிட நிலம் லாபம் தரும் என்பதை முதலாளிகள் கண்டுகொண்டனர்.

அந்நிலங்களில் பல, தொழில் வளர்க்கவென்று மலிவான குத்தகைக்குக் கொடுக்கப்பட்டவை. எனவே 1991இல் வகுத்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 ஒரு பரிமாற்றத்தை முன்வைத்தது. ஆலை முதலாளி நிலத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தலாம். ஈடாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சியின் பூங்காக்களுக்கும் பொது வசதிகளுக்கும், இன்னொரு பங்கை வீட்டு வசதிக்கும் தர வேண்டும். கணக்கு தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்ததாலேயே முதலாளிகளுக்குக் கசந்தது.

2001இல் விதி திருத்தப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு என்னும் விகிதத்தில் எவரும் கைவைக்கவில்லை. எதில் மூன்றில் ஒரு பங்கு என்பது மட்டும் மாற்றப்பட்டது. முன்பு மொத்த நிலமும் கணக்கில் வந்தது. திருத்தத்துக்குப் பின், கட்டடம் ஏதும் இல்லாமல் திறந்து கிடந்த நிலம் மட்டுமே பங்கீட்டுக்கு உரியதாயிற்று. ஆலை வளாகங்களில் பெரும்பகுதியைக் கட்டடங்களே அடைத்திருந்தன. கட்டடத்தை இடித்துவிட்டுக் கோபுரம் எழுப்பினாலும் அந்த இடம் கணக்கில் வராது. ஒரு சொல்லின் பொருளைச் சுருக்கியதில், நகரின் நெஞ்சுக்கூட்டில் வந்திருக்க வேண்டிய பூங்காக்கள் சுருங்கிப் போயின. 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டுத் திருத்தத்தைச் செல்லும் என்றது.

பூங்கா வர வேண்டிய இடத்தில் வந்தவை அங்காடி வளாகங்கள், கண்ணாடிக் கோபுரங்கள், கூரை மீது மது விடுதிகள். 2017 டிசம்பரில் கமலா மில்ஸ் வளாகத்தின் அத்தகைய விடுதியொன்றில் பற்றிய தீயில் 14 பேர் மாண்டனர். அந்த நிலத்தில் வாழ்நாளை நூற்ற தொழிலாளர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் இன்று காட்டப்படும் வீடுகள் எங்கே? சேலுவிலும் வாங்கணியிலும். மும்பையின் எல்லைக்கு வெளியே, கர்ஜத் ரயில் பாதையில். வீட்டுக்கு ஈடு வீடுதான். சதுர அடிக்கு ஈடு சதுர அடிதான். ஆனால் பரேலில் வாழ்ந்தவருக்கு வாங்கணி ஈடாகாது என்பதை அறிய அளவுநாடா தேவையில்லை.

பூங்காவுக்கும் இதே நியாயம் பொருந்தும். மூதாட்டி ஒருத்தி நடந்து சென்று அமரும் அரை ஏக்கர் நிழலுக்கு, பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால், குப்பை கொட்டி நிரப்பிய மேட்டில் தரும் இரண்டு ஏக்கர் ஈடாகாது. பரப்பளவு கூடியிருக்கலாம், அவள் இழந்தது முழுமையானது. மரத்துக்கும் அப்படியே. கிரேட் நிக்கோபார் தீவில் அழிக்கப்படவிருக்கும் மழைக்காட்டுக்கு ஈடாக அரியானாவில் மரம் நட ஒன்றிய அரசு திட்டமிட்டதை நாடறியும். ஏக்கருக்கு ஏக்கர் என்னும் தட்டையான கணக்கில் கடலும் காடும் உயிர்களும் அடங்கா. அடங்குவது விலை மட்டுமே.

குடிசையா, பூங்காவா?

பூங்கா நிலம் காக்கும் இயக்கங்களில் இடதுசாரிகள் எச்சரிக்கையோடு இருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. 'பசுமை காப்போம்' என்னும் முழக்கம் ஏழைகளைத் துரத்தும் புல்டோசரின் முன்னே பிடிக்கும் கொடியாகவும் பயன்பட்டிருக்கிறது. மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் ஓரங்களில் வாழ்ந்த பல்லாயிரம் குடிசைக் குடும்பங்கள் 1997க்குப் பிந்தைய ஆண்டுகளில் நீதிமன்ற ஆணையின் பெயரால் அகற்றப்பட்டதை மறக்கலாகாது. காலை நடைக்கு வரும் செல்வர்களின் கண்ணுக்கு இதமான புல்தரை மட்டுமே பூங்கா என்றால், அதற்காகப் போராட உழைப்பாளருக்குக் காரணம் ஏதும் இல்லை.

இம்முரண்பாட்டை ஆளும் வர்க்கம் திறமையாகக் கையாள்கிறது. பூங்காவுக்கென ஒதுக்கி, ஆனால் நிலத்தைக் கையகப்படுத்தாமலும் பேணாமலும் விட்ட பல இடங்களில் மும்பையின் ஏழைகள் குடிசை போட்டனர். வேறு போக்கிடம் இல்லை. இப்போதுள்ள விதியின்படி, அத்தகைய நிலத்தில் 35 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, 65 விழுக்காட்டில் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ்க் கட்டடம் எழுப்பலாம். 2025 ஜூன் மாதத்தில் பம்பாய் உயர் நீதிமன்றம் இவ்விதி செல்லும் என்று ஏற்றது. ஏழைக்கு வீடு வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அந்த 65 விழுக்காட்டில் எழுவது ஏழையின் வீடு மட்டுமா? மறுவாழ்வுக் கட்டடத்தின் பக்கத்திலேயே சந்தையில் விற்கும் அடுக்ககமும் எழும். மறுவாழ்வுச் செலவை ஈடுகட்ட என்று சொல்லிக் கட்டுமான முதலாளிக்கு வழங்கப்படும் பங்கு அது.

ஆக, இப்பரிமாற்றத்தில் மக்கள் பூங்காவின் பெரும்பகுதியை இழக்கிறார்கள். ஏழைகள் நெரிசலான அடுக்குகளுக்குள் செல்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் இடையில் வந்து மிகுதியை அள்ளுகிறார். பிறகு பூங்கா வேண்டும் என்போரையும் வீடு வேண்டும் என்போரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு அவர் விலகிக்கொள்கிறார். குடிசைவாசி பூங்காவின் எதிரி அல்லர். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் குடும்பத்தின் குழந்தைக்குத்தான் பூங்கா மிகவும் தேவை. செல்வருக்கு மாடித் தோட்டம் உண்டு, மன்றக்கூட உறுப்பினர் அட்டை உண்டு, வார இறுதிக்கு மலைவீடு உண்டு. இவற்றில் எதுவும் இல்லாதவருக்கு இருப்பது பூங்கா ஒன்றே. வீட்டுக்கும் திறந்தவெளிக்கும் சேர்த்துப் போராடுவதும், தனியார் விற்பனைப் பங்கை எதிர்ப்பதுமே சரியான நிலைப்பாடு.

மாமன்றம் இருந்தால் போதுமா?

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பன்னிரண்டாம் அட்டவணை பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை நகராட்சிகளின் பொறுப்புகளுள் ஒன்றாக வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் அத்திருத்தம் கட்டளையிடுகிறது. ஆனால் நடைமுறை எப்படி? மும்பையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் மன்றம் இல்லை. பெங்களூருவில் 2020 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்த பின் ஆண்டுகள் பல உருண்டன. மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. சென்னையிலும் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தனி அலுவலர் ஆட்சியே நடந்தது. கட்சிகள் வேறு, மாநிலங்கள் வேறு, வழக்கம் ஒன்று. பெரும் நிலப் பேரங்களுக்கு ஏற்ற பருவம், கேள்வி கேட்க மன்றம் இல்லாத பருவம்.

இதனால் மன்றம் வந்துவிட்டால் எல்லாம் நலமாகிவிடும் என்று கருதுவதும் பேதைமை. 2016 ஜனவரியில், தேர்ந்தெடுக்கப்பட்ட மும்பை மாமன்றமே திறந்தவெளிகளைத் தனியார் 'தத்தெடுக்கும்' கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. முன்பு இத்தகைய ஏற்பாட்டில் அரசியல் தலைவர்களின் சார்பு அமைப்புகள் பொதுத் திடல்களை வளைத்து உறுப்பினர் மனமகிழ் மன்றங்கள் கட்டிக்கொண்ட அனுபவம் நகருக்கு இருந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர், முதலமைச்சர் அக்கொள்கையை நிறுத்திவைக்க நேர்ந்தது. 2023இல், மன்றம் இல்லாத காலத்தில், அதே எண்ணம் புதிய வரைவாக மீண்டும் தலைகாட்டியது. 2019 ஆகஸ்டில் ஆரேயில் மெட்ரோ பணிமனைக்காக 2,600க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டவும் பெயர்த்து நடவும் இசைவளித்தது, மாமன்ற உறுப்பினர்களும் அமர்ந்திருந்த மர ஆணையம்தான். அவ்வாண்டு அக்டோபரில் இரவில் தொடங்கி இரண்டே நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்க்கப்பட்டன. தடுக்க வந்த இளைஞர்களும் ஆதிவாசிகளும் கைது செய்யப்பட்டனர்.

எனவே மன்றம் தேவை. மன்றத்தை நெருக்கும் மக்கள் இயக்கமும் தேவை. பூங்கா நிலப் பரிமாற்றம் பற்றிய தீர்மானம் எங்கே வந்தாலும், இடதுசாரி உறுப்பினர் ஒருவரே இருந்தாலும், அவர் எழுப்ப வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதலாவது, பரிமாற்றம் யாருடைய தேவைக்காக? மாநகராட்சியா முதலில் கேட்டது, நிறுவனமா? விண்ணப்பம் எந்த நாளில், யாரிடம் அளிக்கப்பட்டது? இரண்டாவது, தரப்படும் நிலம் உண்மையில் தருபவருடையதுதானா, அல்லது பொது நிலமே வேறு பெயரில் திரும்பி வருகிறதா? மூன்றாவது, இழக்கும் பூங்காவை இன்று பயன்படுத்துவோர் யார்? அவர்கள் நடந்து செல்லும் தொலைவில் மாற்று நிலம் இருக்கிறதா? நான்காவது, மாற்று நிலம் முழுமையான பூங்காவாகி மக்கள் கைக்கு வந்த பிறகு பழையது கைமாறுமா, அல்லது பழையது இன்று போய்ப் புதியது என்றோ வருமா? ஐந்தாவது, நிலத்தின் அடியிலும் மேலிலும் என்னென்ன உரிமைகள் ஒப்பந்தத்தில் ஒளிந்துள்ளன? ஆறாவது, நுழைவுக் கட்டணம் உண்டா, வாயில் யார் கையில், தள்ளுவண்டிக்காரருக்கும் கூட்டம் நடத்துவோருக்கும் அங்கே இடம் உண்டா? ஏழாவது, ஆவணங்கள் அனைத்தும் மக்களின் மொழியில் வெளியிடப்பட்டு, வட்ட அளவில் பொதுக் கருத்துக் கேட்பு நடந்ததா?

இந்த ஏழுக்கும் விடை வராத வரையில் தீர்மானத்தை ஒத்திவைக்கக் கோருவது அவையின் உரிமை, அறங்காவலரின் கடமையும்கூட. விடை திருப்தியாக வந்தாலும், பொதுப் பூங்காவை இலாப நோக்கமுள்ள தனியாருக்கு மாற்றும் பரிமாற்றம் எதையும் இடதுசாரிகள் ஏற்க இயலாது. பள்ளிக்கோ அரசு மருத்துவமனைக்கோ இடமே இல்லை என்னும் உண்மையான நெருக்கடி எழுமானால், முதலில் தேட வேண்டியது செல்வர்களின் மனமகிழ் மன்றங்கள் அனுபவிக்கும் குத்தகை நிலங்களை. பூங்காவின் பக்கம் கண் திரும்புவது அதன் பின்னரே.

திடல் இருந்தால்தான் குரல்

2018 மார்ச் மாதத்தில் அகில இந்திய விவசாயிகள் சங்கத்தின் தலைமையில் நாசிக்கிலிருந்து விவசாயிகளும் ஆதிவாசிகளும் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து மும்பை வந்தனர். வெடித்த பாதங்களோடு வந்த பல்லாயிரம் பேர் சயனிலுள்ள சோமையா திடலில் தங்கினர். மறுநாள் காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. போக்குவரத்து நெரிசலில் அவர்கள் தவிக்கக்கூடாது என்பதற்காக, களைப்பையும் பாராமல் இரவிலேயே நடந்து, விடியுமுன் ஆசாத் திடலை அடைந்தனர். அரசு பேச்சுக்கு வந்தது. கோரிக்கைகளை ஏற்பதாக எழுதித் தந்தது. அம்மாபெரும் கூட்டம் படுத்துறங்க ஒரு திடலும், திரண்டு நிற்க ஒரு திடலும் அந்த நகரில் எஞ்சியிருந்தன. 1942 ஆகஸ்டு 8 அன்று வெள்ளையனே வெளியேறு தீர்மானம் முழங்கியதும் அதே நகரின் கோவாலியா குளத் திடலில்தான். பரேலின் காம்கார் திடல் எத்தனை தலைமுறைத் தொழிலாளர் கூட்டங்களைக் கண்டது என்பதை அப்பகுதியின் முதியவர்கள் சொல்வார்கள்.

பூங்காவும் திடலும் சுருங்கும்போது குழந்தையின் விளையாட்டும் முதியவரின் மூச்சும் மட்டும் சுருங்குவதில்லை. மக்கள் ஒன்றுகூடி நிற்கும் இடமும் சுருங்குகிறது. கூட இடமில்லாத மக்களுக்கு முறையிடவும் வழியில்லாமல் போகும். திறந்தவெளியை விலைபேசுவோருக்கு இது தெரியாததன்று.

மும்பையின் புதிய மாமன்றம் தன் பதவிக்காலத்தைத் தொடங்கியிருக்கிறது. மகாலட்சுமியின் 91 ஏக்கர் எந்த நிபந்தனைகளில், எந்த வாடகைக்குக் கொடுக்கப்பட்டது, 120 ஏக்கரின் அடியில் என்ன வரப்போகிறது என்பவற்றை முழு அவையின் முன் வைக்குமாறு கோருவது அதன் உறுப்பினர்களின் முதல் கடமை. பிற நகரங்களில் கட்சிக் கிளைகள் செய்ய வேண்டிய வேலை அதைவிட எளியது. தங்கள் வட்டத்திலுள்ள பூங்காக்கள், திடல்கள், பூங்காவுக்கென ஒதுக்கிக் கட்டாமல் விட்ட மனைகள் ஆகியவற்றின் பட்டியலை, நகர வளர்ச்சித் திட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெருத் தெருவாக நடந்து தயாரிக்கலாம். எது பூட்டிக் கிடக்கிறது, எது வளைக்கப்பட்டிருக்கிறது, எதன் மீது யார் கண் பதிந்திருக்கிறது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பரிமாற்றத் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் ஏறும் நாளில் தேடத் தொடங்கினால் காலம் கடந்திருக்கும். பட்டியல் முன்பே கையில் இருந்தால், மன்றத்துக்குள் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்கும் கேள்விக்கு, மன்றத்துக்கு வெளியே ஒரு வட்டமே திரண்டு நிற்கும்.